வெள்ளைச் சீருடையும் பழைய சலவை இயந்திரமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாக விடுதிப் பிள்ளைகளுக்குச் சலவை இயந்திரங்கள் கொடுக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. வெளிநாடுகளில் இருக்கும் நம்மவர்கள் சிலர், தங்கள் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களை, மேலே மூடி திறக்கும் வகையை, அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள் என்பதால் இதைப்பற்றிச் சில வார்த்தை பேசும்படி தலைவி கேட்டுக்கொண்டார். தானமாக வரும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஆனால் இந்த மாடு மேயப்போவது பிள்ளைகளின் உடுப்பில். ஒரு பிள்ளையிடம் இருப்பதோ இரண்டு வெள்ளைக் கவுன். அதனால் பல்லைப் பார்த்தே ஆகவேண்டும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். கையால் துவைப்பதும் உடுப்புக்குச் சுகமான காரியம் அல்ல. பீலியடியில் கல்லில் அடித்த அடியில் பொத்தான் உடைந்ததும், கொலர் நைந்ததும், முறுக்கிப் பிழிந்ததில் தையல் விட்டதும் நாம் எல்லோரும் கண்டவை. ஆறு நாள் மலையில் கொழுந்தெடுத்த அம்மாவுக்கு ஏழாம் நாள் ஓய்வு நாள் அல்ல, உடுப்புக் கழுவும் நாள். விடுதியில் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போகிறது. ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. எந்த இயந்திரம், எப்படி என்பதுதான் என் பேச்சு.

இந்த இயந்திரத்துக்கும் நமது சங்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே வயது. 1922இல் அமெரிக்காவின் மேடாக் கம்பனி, தொட்டியின் நடுவே அடியிலிருந்து எழும் துடுப்புத் தண்டு வைத்த இயந்திரத்தை வெளியிட்டது. அதுவரை துணியைத் தண்ணீருக்குள் இழுத்துத் தேய்த்தார்கள். இதில் தண்டு வலமும் இடமுமாகத் திரும்பித் தண்ணீரையே துணிக்குள் தள்ளியது. 1953இல் ஜப்பானின் சன்யோ கம்பனி, தொட்டிச் சுவரில் சிறிய சுழல் தட்டு வைத்த இயந்திரத்தைக் குறைந்த விலையில் விற்றது. பின்னர் வந்த இரட்டைத் தொட்டி இயந்திரங்களில் அந்தத் தட்டு அடிப்பக்கத்துக்குப் போனது. ஒரு தொட்டி துவைக்கும். மற்றது சுழற்றித் தண்ணீரைப் பிழியும். வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போன நம் பெண்கள் பலருக்கு இது நன்கு பழகிய சாமான்.

சரி, இவை உடுப்பை எப்படிக் கெடுக்கின்றன?

முதலாவது, சிக்கல். நீளமான துணி தண்டிலோ தட்டிலோ சுற்றிக்கொள்ளும். சேலை, தாவணி, நாடா வைத்த பாவாடை எல்லாம் இதில் மாட்டும். ஒரு முனை சுற்றிக்கொள்ள, மறுமுனையை மற்ற உடுப்புகளின் பாரம் இழுக்கும். தையல் விடுவது அங்கேதான்.

இரண்டாவது, உரசல். தொட்டியைத் திணித்து நிரப்பினால் தண்ணீர் ஓட இடமில்லை. துணியைத் துணியே தேய்க்கும். பருத்தி நனைந்தால் பலம் கூடும், ஆகவே தாக்குப் பிடிக்கும். ரேயோன் நனைந்தால் பலம் குறையும், ஆகவே கிழியும். பொலியெஸ்டர் கலந்த சீருடைத் துணியில் கிழிசல் வராது. குட்டிக் குட்டி உருண்டைகள் எழும்பும்.

மூன்றாவது, வயது. பழைய இயந்திரத்தின் உட்பூச்சு எங்காவது உதிர்ந்திருக்கும். அந்த இடத்தில் துருப் பிடிக்கும். துரு வெள்ளையில் ஏறும். பற்சக்கரப் பெட்டியின் அடைப்பு தேய்ந்தால் எண்ணெய் கசிந்து கறுப்புப் புள்ளியாக விழும். வெளித்தொட்டிக்கும் உள்தொட்டிக்கும் நடுவில் சவர்க்கார அழுக்குப் படிந்து, நம்முடைய ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்து, சாம்பல் நிறச் செதில்களாக உடுப்பில் ஒட்டும். இவை எதுவும் மூடியைத் திறந்து பார்த்தவுடன் தெரியாது. பழைய நைலோன் காலுறை ஒன்றைக் கையில் மாட்டி உட்சுவர் முழுவதும் தடவிப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கேதான் நாளை கவுனும் மாட்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சப்ரகமுவையின் அழுக்கு வேறு ஊர் அழுக்கு அல்ல. இறப்பர்ப் பால் துணியில் காய்ந்தால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. பால் வெட்டும் உடுப்பைப் பிள்ளையின் கவுனோடு ஒரே தொட்டியில் போடவே கூடாது. தேயிலைச் சாற்றின் கறை இன்னொரு வகை. அது இரும்புச் சத்தோடு சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்தில் எழுதும் மையைச் செய்ததும் இந்த வகைச் சேர்க்கையில்தான். துருப் பிடித்த தொட்டியில் தேயிலைக் கறையுள்ள துணியை ஊறப் போட்டால் நாமே மை காய்ச்சுகிறோம். அதை வெளுக்க குளோரின் ஊற்றினால் துருக் கறை இன்னும் இறுகும், நூலும் நலியும்.

மலைத் தண்ணீர் மென்மையானது, நுரை சீக்கிரம் வரும். வன்னீர் உள்ள ஊருக்கென்று பெட்டியில் எழுதிய அளவுக்கு இங்கே தூள் போட்டால் நுரை பொங்கும், அலசினாலும் போகாது. காய்ந்ததும் துணி விறைக்கும், பிள்ளைக்குச் சொறியும். பாதி அளவில் தொடங்கிப் பாருங்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் அக்காமார் அடுத்த செய்தியைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். உங்கள் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடேறி ஓடும். பழைய மணிக்கூட்டுத் திருகு உள்ள இயந்திரத்தில் 10 நிமிடச் சலவை 12 நிமிடமாக நீளும். அதற்கு மேல், துடுப்புத் தண்டு வைத்த பெரிய இயந்திரம் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 150 லீற்றர் தண்ணீர் குடிக்கும். 15 லீற்றர் வாளியில் அது பத்து வாளி. தை, மாசியில் பீலித் தண்ணீர் நூலாக இறங்கும்போது அதை எங்கே கொண்டுபோய் நிரப்புவது? அனுப்புகிற கூலிக்கு இங்கே புதிதாக ஒன்றை வாங்குவதற்குப் பெரும் பங்கு பணம் சேர்ந்துவிடும்.

இன்னொரு விடயமும் மனதில் இருக்கிறது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் பிறர் வீட்டு உடுப்பை இயந்திரத்தில் போட்டு எடுப்பவர்களில் நம் தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர்! அங்கே ஒரு பட்டுச் சட்டை கிழிந்தால் குற்றம் இயந்திரத்தில் விழாது; பொத்தானை அழுத்திய கையில்தான் விழும். “இந்தத் துணியை இதில் போடக்கூடாது, காரணம் இது” என்று எடுத்துச் சொல்லத் தெரிந்தவளைக் குறை சொல்வது அவ்வளவு இலகு அல்ல. அதனால் இயந்திரத்தோடு அந்த அறிவையும் கொடுப்போம். வகுப்பறையில் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுவதைவிட, விடுதியில் மூடியைத் திறந்து காட்டுவது நன்றாகப் பதியும்.

ஆகவே என் யோசனை இது. தூரத்துப் பழைய இயந்திரங்கள் வேண்டாம். உள்ளூரில் வாங்கக்கூடிய, உதிரிப்பாகம் கிடைக்கக்கூடிய இரட்டைத் தொட்டி இயந்திரம் இரண்டு போதும். வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிப் பக்கத்தில் நமக்குப் பெரிய தொல்லை துவைப்பது அல்ல, காய வைப்பது. மூன்று நாள் கொடியில் கிடந்து மணக்கும் கவுனைச் சுழல் தொட்டி சில நிமிடத்தில் முக்கால்வாசி காய்ந்த நிலைக்குக் கொண்டுவரும். கொலரையும் கையோரத்தையும் சவர்க்காரம் பூசிக் கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, ஐந்து நிமிடம் இயந்திரத்தில் விட்டால் போதும்.

பிள்ளைகளுக்குச் சில விதிகள்: சிப்பையும் கொளுக்கியையும் பூட்டு, பையைத் தடவிப் பார், உட்புறத்தை வெளியே திருப்பு, சிறு உடுப்புகளைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டு, தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதே, கழுத்துப்பட்டியை இதில் போடாதே. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: சுழல் தொட்டி முற்றாக நிற்கும்வரை கையை விடாதே. அது நிமிடத்துக்கு 1,000 தடவைக்கு மேல் சுற்றும்; அதற்குள் ஒரு துணி முனை விரலைச் சுற்றினால் போவது உடுப்பு அல்ல. நிலத்தொடுப்புக் கம்பியும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத ஈரத் தரையில் எந்த இயந்திரத்தையும் வைக்கக்கூடாது என்பதைச் செயற்குழுத் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. துணி இலவசம், தைக்கிற கூலி இலவசம் அல்ல. ஒரு கவுன் இரண்டு தவணை கூடுதலாக உழைத்தால் ஒரு தாயின் கையில் அந்தக் கூலி மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பிள்ளைக்கு மிஞ்சும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவள் படிக்கட்டும், விளையாடட்டும், சும்மா இருக்கட்டும். நமது அம்மாமாருக்குக் கிடைக்காதது அதுதான்.

பணமாகக் கொடுக்க விரும்புவோர் பொருளாளர் அக்காவிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.