கழற்றிப் பார்த்துக் கற்றவர்



ஜி.டி. நாயுடு என்றதும் ‘இந்தியாவின் எடிசன்’ என்ற பட்டம்தான் பலருக்கும் நாவில் வருகிறது. எனக்கு அந்தப் பட்டத்தில் நிறைவில்லை. ஐந்தாறு கருவிகளின் பெயரை ஒப்பித்துவிட்டு, அவரை ஓர் அதிசயப் பிறவியாக ஒதுக்கி வைத்துவிடுகிறோம். அவர் முதலில் மாணவர், பிறகு ஆசிரியர். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. இளவயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலை செய்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

பட்டறையில் கைவைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கழற்றுவது யாருக்கும் வரும். எந்த நட்டுக்கு அடியில் எந்த வாஷர், எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று நினைவில் நிறுத்தி, தரையில் ஒரு திருகுகூட மிஞ்சாமல் மாட்டி முடித்து, வண்டியும் கிளம்ப வேண்டும். தப்பு செய்திருந்தால் எஞ்சினே சொல்லிவிடும். மதிப்பெண் போட வேறு ஆள் வேண்டாம். அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம் அதுதான்.

வணிகத்திலும் அடிபட்டுத்தான் தேறினார். பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பம்பாயில் இழந்தார். பிறகு கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த கடனுதவியோடு ஒரு பஸ் வாங்கி, 1920-இல் பொள்ளாச்சி – பழனி தடத்தில் தாமே ஓட்டினார். யூ.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனம் அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்தது.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆலைகள் பெருகின, கிணறுகளில் பம்பு வைக்கும் ஆசையும் பிறந்தது. மோட்டார் மட்டும் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. 1937-இல் தொழில்முனைவர் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து உள்ளூரிலேயே மின் மோட்டார் செய்துகாட்டினார் நாயுடு. இன்று பம்புக்கும் மோட்டாருக்கும் நாடெங்கும் கோவையைத் தேடி வருகிறார்கள் என்றால், அந்த வழியைத் திறந்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

அயல்நாடுகளுக்குப் போனபோதும் சும்மா சுற்றிப்பார்த்து வந்தவரல்லர். கையில் கேமராவோடு போனார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். போன இடங்களில் பார்த்த கருவிகளைப் போல, இன்னும் எளிதாக, இன்னும் மலிவாக இங்கே செய்ய முடியுமா என்பதுதான் அவர் மனத்தில் ஓடிய கேள்வி. 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் 2,000 ரூபாய்க்கு என்றார். அரசு உரிமம் கிடைக்கவில்லை. அந்த இழப்பு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இப்போது அவர் ஆசிரியராக நின்ற கல்லூரிக்கு வருகிறேன். 1945-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக அவரே பெருங்காரணம். இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக நாம் அறிவது அதன் வழிவந்ததே. மூன்றாம் வகுப்போடு நின்றவர் அங்கே முதல்வராக அமர்ந்தார்! பொறியியலுக்கு நான்கு ஆண்டு வீண், இரண்டு போதும் என்றார். இரவு வகுப்புகள் வேண்டும் என்றார். அன்றைய அரசு இசையவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்பதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. பாலம் கட்டப்போகிறவருக்குக் கணிதம் ஊற நாள் பிடிக்கும். ஆனால் இரவு வகுப்பு விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பகலில் லேத்தில் நிற்பவருக்கும் பஸ் கழுவும் பையனுக்கும் படிக்க வேறு நேரம் ஏது? ஓட்டலில் தட்டு எடுத்த காலத்தை மறக்காதவருக்குத்தான் அது தோன்றும்.

1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சொற்பொழிவு நடக்கட்டும். கூடவே, மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படும் நம் கல்லூரிப் பட்டறைகளில் ஒன்றையாவது இரவு ஒன்பது வரை தொழிலாளர்களுக்குத் திறந்துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், வாரம் ஒரு நாள் நான் வருகிறேன்.