மலையைவிட்டு இறங்காமல் தாதியம் கற்கலாமா?

(மன்றத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



இன்றைய உரையின் தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, போனைப் பார்த்து ஊசி போடப் படிக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அது சிரித்து விட்டுவிடக்கூடிய கேள்வி அன்று. பதில் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்னும் தாதியும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினார்கள். வைத்தியர் கிடைக்காத ஊர்களில், அனுபவமுள்ள தாதிக்கு மேற்கல்வி அளித்தால், அவரே நோயைச் சோதித்து, சாதாரண நோய்க்குச் சிகிச்சை செய்து, கடுமையானதை உரிய காலத்தில் வைத்தியரிடம் அனுப்பிவைப்பார் என்று அவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை. குழந்தைகளுக்கென்று தொடங்கிய அப்பணி பின்னர் முழுக் குடும்பத்துக்கும் விரிந்தது. இன்று அதனைப் 'பெமிலி நர்ஸ் பிரக்டிஷனர்' என்கிறார்கள். குடும்பநல முதுநிலைத் தாதி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். லொரெட்டா அம்மையார் 104 வயதுவரை வாழ்ந்து, 2025 ஜனவரியில் காலமானார்.

இப்படிப்பை இப்போது இணையவழியிலும் கற்பிக்கிறார்கள். உடற்பரிசோதனை, நோய்க்கூற்றியல், மருந்தியல் ஆகிய பாடங்களின் ஏட்டுக் கல்வியை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் அத்துடன் பட்டம் கிடைத்துவிடாது. அமெரிக்காவில் 2022 இல் வகுத்த தரவிதிகளின்படி, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 750 மணி நேரம் நோயாளரை நேரில் கவனித்திருக்க வேண்டும். அதன்பின் தேர்வும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுபெற்ற தாதியர் மட்டுமே இதில் சேர முடியும். ஆகவே பெரியவருக்கு எங்கள் பதில் இதுதான்: ஐயா, போனைப் பார்த்து ஊசி போடப் படிப்பதில்லை, ஊசி போடத் தெரிந்தவரே இதனைப் படிக்கிறார்.

இந்தக் கல்வி வளர்ந்த வரலாற்றில் நம் மலைநாட்டுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் பாதையற்ற மலைகள் இருந்தன. ஏழைக் குடும்பங்கள் இருந்தன. தம் இரு குழந்தைகளையும் பறிகொடுத்த மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற அம்மையார், 1925 இல் அங்கே தாதியர் சேவை ஒன்றை நிறுவினார். தாதியர் குதிரையேறி, ஆறு கடந்து, வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்தார்கள். இச்சேவைக்கு முன்மாதிரி தேடி அவர் 1924 இல் ஸ்கொட்லாந்து மலைநாட்டுக்குச் சென்று, அங்கே 1913 முதல் நடந்துவந்த மருத்துவத் திட்டத்தைப் பார்த்து வந்தார். நம் தோட்டங்களில் எத்தனைக்கு ஸ்கொட்லாந்துப் பெயர்கள்! அந்நாட்டுத் துரைமார் ஊர்ப்பெயர்களை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த மருத்துவத் திட்டத்தைப் போன்ற ஒன்று மட்டும் நம் லயங்களுக்கு வந்துசேரவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 1939 இல் போர் மூண்டதும், அங்கே வேலை செய்த பிரித்தானியத் தாதியர் பலர் தாய்நாடு திரும்பினார்கள். வெளியூரார் போய்விட்டால் மலைமக்கள் கதி என்ன? அவ்வாண்டிலேயே அங்கே சொந்தப் பயிற்சிப் பள்ளி ஒன்று எழுந்தது. 1970 இல் அதே இடத்தில் குடும்பநலத் தாதியர் பயிற்சி ஆரம்பமாயிற்று. 1989 இல், மாணவியர் தத்தம் ஊரில் இருந்தபடியே பிரசவ மருத்துவம் கற்கும் தொலைக்கல்வியும் பிறந்தது. அப்பள்ளி இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஊரார் ஊரிலிருந்தே கற்றால், கற்றது ஊரில் நிற்கும் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இனி நோர்வூட்டுக்கு வருவோம். 2017 மே 12 ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அவர்கள் இங்கு வந்து பேசியதை நம்மில் பலர் நேரில் கேட்டிருப்போம். இந்திய உதவியுடன் கட்டிய டிக்கோயா வைத்தியசாலையை அன்றுதான் அவர் திறந்துவைத்தார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவையை எல்லா மாகாணங்களுக்கும் விரிப்பதாகவும் கூறினார். கட்டடம் வந்தது, வண்டியும் வந்தது. நன்றியுடன் ஏற்கிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம். நள்ளிரவில் லயத்துக் காம்பராவில் ஒரு தாய்க்குத் தலைசுற்றி மயக்கம் வருகிறது. அது வெறும் களைப்பா, இரத்தசோகையா, சீனி வியாதியா, அழுத்தமா? விடியும்வரை பொறுக்கலாமா, இப்போதே வண்டியை அழைக்க வேண்டுமா? கொழுந்து மலையில் குளவி கொட்டிய ஒருவருக்கு மூச்சு முட்டுகிறதே, அது எவ்வளவு ஆபத்து? இதனை அறிந்து சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் எத்தனை உயிர் பிழைக்கும்! தோட்டத்து டிஸ்பென்சரிகளில் அரும்பணி ஆற்றியவர்களை நாம் மறக்கவில்லை. அவர்களுக்குப்பின் வருவோர் யார் என்பதே எங்கள் கவலை.

நம் நாட்டில் வழி இருக்கிறதா? இருக்கிறது. 1980 இல் நிறுவிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994 இல் தாதியர் பட்டப்படிப்பைத் தொலைக்கல்வியாகத் தொடங்கியது. வேலையில் இருக்கும் தாதியர் வேலையை விடாமலே பட்டம் பெற அது வழிசெய்தது. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் இன்று தாதியப் பட்டம் உண்டு. ஆனால் அமெரிக்காவில் உள்ளதுபோல, தாதி தாமே நோயறிந்து மருந்து எழுதிக் கொடுக்கும் பதவி நம் நாட்டில் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே "வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பட்டம், உடனே உத்தியோகம்" என்ற விளம்பரத்தைக் கண்டு எவரும் தாலியையும் தோட்டையும் அடகு வைத்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். படி ஒவ்வொன்றாக ஏற வேண்டும்: உயர்தரத்தில் விஞ்ஞானம், தாதியர் கல்லூரி, வைத்தியசாலை அனுபவம், பட்டம், அதற்குமேல் முதுகலை. முதற்படியிலேயே நம் பிள்ளைகள் பலர் நின்றுவிடுகிறார்கள். நம் மலையில் விஞ்ஞானம் படிக்க வசதியுள்ள பாடசாலைகள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

"பெண்பிள்ளை கண்டவர் புண்ணைத் தொடுவதா?" என்று தயங்கும் பெற்றோரும் உண்டு. மிஷன் பாடசாலையில் படித்த நாங்கள் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கைப் பற்றிச் சிறுவயதிலேயே கேட்டோம். நம் சமயத்திலும் அவ்விளக்கு எரிந்தே வந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். சூலை நோயால் துடித்த தம்பி, எல்லாரும் கைவிட்டபோது திருவதிகைக்கு வந்து விழுந்தது தமக்கை திலகவதியாரின் காலடியில் அன்றோ? 1899 இல் கல்கத்தாவில் கொள்ளைநோய் பரவியபோது, துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டி, நோயுற்ற சேரிக் குழந்தைகளை மடியில் கிடத்திப் பார்த்தவர் சுவாமி விவேகானந்தரின் சீடர் நிவேதிதா அன்றோ? நோயாளியைத் தொடும் கை தீட்டுப்பட்ட கை அன்று. பூசை செய்யும் கை.

"படித்தவர் வெளிநாடு போய்விடுவாரே" என்பது இன்னொரு கவலை. சிலர் போவார்கள், போகும் உரிமை அவர்களுக்கு உண்டு. பத்துப்பேர் படித்தால் நால்வராவது இங்கு தங்குவர். ஒருவரும் படிக்காவிட்டால் தங்குவதற்கு யார் இருப்பார்?

ஆகவே மன்றத்திடம் இரண்டே விண்ணப்பங்கள். ஒன்று: மன்ற மண்டபத்தின் பின்னறையை இரவு பத்து மணிவரை படிப்பறையாகத் திறந்துவிடுங்கள். ஒரு மேசை, நல்ல விளக்கு, இணைய இணைப்பு, இவை போதும். ஒரே காம்பராவில் ஆறுபேர் உறங்கும் வீட்டில் எந்தப் பிள்ளை தொலைக்கல்வி கற்கும்? மற்றது: சனிக்கிழமைதோறும் உயர்தர மாணவருக்கு உயிரியலும் இரசாயனமும் கற்பிக்க இடம் தாருங்கள். பல்கலைக்கழக விடுமுறையில் வரும் நாங்கள் கூலியின்றிக் கற்பிக்கிறோம். வாக்குக் கொடுத்துவிட்டோம், தவறினால் இதே மேடையில் எங்களைக் கேளுங்கள்.

கொழுந்துக் கூடை சுமந்தே நம் தாய்மார் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள். அவர்கள் நோயுற்ற இரவில் கதவைத் தட்டி உள்ளே வரும் தாதி, அவர்கள் மொழி பேசும் அவர்கள் பிள்ளையாக இருக்கட்டும்.