காத்திருக்கும் நாட்களில் விக்கியில் எழுதப் பழகுவோம்

(லூயிஷாமில் நடந்த எமது ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வரமுடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

எல்லோரும் தேத்தண்ணி எடுத்தாச்சா? சரி, தொடங்குவோம்.

புதிதாக வந்த பலர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ரீச்சர், வேலை செய்ய விடுறாங்கள் இல்லை. அறைக்குள்ள இருந்து இருந்து மூளை மழுங்குது. என்ன செய்யிறது?" ஹோம் ஒஃபிஸ் அனுமதி இல்லாமல் நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது, அது உண்மை. ஆங்கில வகுப்புக்குப் போங்கள் என்று எப்போதும் சொல்லி வருகிறேன். இன்றைக்கு இன்னொன்றும் சொல்லப் போகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுங்கள்.

பயப்பட வேண்டாம். பெரிய எழுத்தாளர்கள் தொடங்கிய விஷயம் இல்லை இது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கியது. ஆரம்பத்தில் அதில் மளமளவென்று எழுதிக் குவித்தவர் மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர், அமீரகத்தில் வேலை செய்துகொண்டே எழுதினார். இன்றைக்கு அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பலருக்கு இரண்டு வரிதான் கிடைக்கும், சிலருக்கு அதுவும் இல்லை.

எழுதுவது எப்படி? பக்கத்தின் மேலே "தொகு" என்று இருக்கும். அதை அமத்தினால் பக்கம் திறக்கும். இப்போது பொத்தான்களை அமத்தி எழுதுகிற வசதியும் உண்டு. ஆனால் நான் குறிகளைப் பழகச் சொல்வேன். பழைய கணனியிலும் அது வேலை செய்யும், பிழை எங்கே வந்தது என்றும் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு சொல்லைத் தடிப்பாக்க வேண்டுமா? முன்னும் பின்னும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள்: '''வல்லிபுரம்'''. சாய்வெழுத்துக்கு இரண்டிரண்டு போதும்: ''வல்லிபுரம்''. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவது. விசைப்பலகையில் 2 என்ற இலக்கத்துக்கு மேலே இருக்கிற இரட்டை மேற்கோளைப் போடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேலை செய்யாது. இந்த நாட்டு விசைப்பலகையில் @ குறி இருக்கிற அதே விசைதான் ஒற்றை மேற்கோள். அதை இரண்டு தரம் தட்டவேண்டும். போனில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. சில போன்கள் அந்தக் குறியைத் தானாகவே வளைத்துவிடும். வளைந்த குறியை விக்கி கணக்கில் எடுக்காது.

தலைப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு சமன் குறி: == கோயில்கள் ==. அதற்குள் சிறுதலைப்பு என்றால் மூன்று மூன்று. தலைப்புகளை வைத்துப் பொருளடக்கம் தானாக உருவாகும். நட்சத்திரக் குறியோடு வரியைத் தொடங்கினால் புள்ளி வைத்த பட்டியல், # போட்டால் 1, 2, 3 என்று தானே எண்ணிக்கொள்ளும். நடுவில் வெறும் வரி விட்டீர்களோ, மறுபடி 1 இலிருந்து தொடங்கும். இன்னொரு பக்கத்துக்கு வழிகாட்ட [[பருத்தித்துறை]] என்று இரட்டைச் சதுர அடைப்பு.

இனி என்னுடைய வெட்கக்கேடு ஒன்று. பந்தியின் முதல் வரியை உள்ளே தள்ளி எழுது என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதினவள் நான். விக்கியிலும் அப்படியே ஒரு இடைவெளி விட்டுத் தொடங்கினேன். முழுப்பந்தியும் ஒரு பெட்டிக்குள்ளே போய், மடியாமல் ஒரே வரியாக நீண்டு கிடந்தது! விக்கியில் புதுப் பந்தி வேண்டுமென்றால் நடுவில் ஒரு வெறும் வரி விடவேண்டும், அவ்வளவுதான். அடுத்த வரிக்கு இறங்கினால் மட்டும் காணாது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

பாமினி எழுத்தில் தட்டிப் பழகியவர்கள் கவனியுங்கள். அதை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக்கள்தான் தெரியும். யுனிகோடில் எழுதவேண்டும். சேமிக்க முன்பு முன்தோற்றத்தைப் பாருங்கள். மணல்தொட்டி என்று ஒரு பயிற்சிப் பக்கமும் இருக்கிறது. அங்கே எவ்வளவு பிழை விட்டாலும் ஒருவரும் ஏச மாட்டார்கள்.

எழுதுவதற்கு ஆதாரம் கேட்பார்கள். "எங்கட ஊர், எனக்குத் தெரியாதா?" என்றால் ஏற்கமாட்டார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தில் எங்கள் பழைய நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுவும் விக்கி மென்பொருளில் ஓடுவதுதான். 1981இல் யாழ் நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது பேனையை எடுத்து இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரில் கணக்குத் திறக்க வேண்டாம், புனைபெயர் போதும். இமெயில் கொடுப்பதும் கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் கடவுச்சொல்லை மறக்காதீர்கள். உங்கள் வழக்கு, பிடிபட்ட விபரம், ஊரில் இருக்கிற அண்ணன் தம்பியின் பெயர் எதுவும் அங்கே வரக்கூடாது. என்னிடம் வந்த ஒரு தம்பி தன் ஊர்ப் பக்கத்தில் தமையன் காணாமல் போனதைப் பெயரோடு எழுதிவிட்டார். பிறகு பயந்து அழித்தார். பக்கத்தில் அழிந்தது, "வரலாறு" என்ற இடத்தில் அப்படியே கிடந்தது. விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் நாளும் நேரமுமாகச் சேமிக்கப்படும். நிர்வாகிகளிடம் கேட்டால் அந்தப் பதிப்பை மறைப்பார்கள், ஆனால் அதற்கு முன் யார் பார்த்தார்கள் என்று யார் அறிவார்? அப்படி நடந்தால் எங்களிடம் சொல்லுங்கள், உங்கள் சொலிசிற்றரிடமும் சொல்லுங்கள்.

"எங்கட கடையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தா, காசு தாறன்" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். காசு வாங்கினால் அது வேலை.

அதே தம்பியைப் பற்றி இன்னொன்று. முதல் நாள் அவர் கொண்டுவந்த வாக்குமூலக் குறிப்பு ஆறு பக்கம், ஒரு பந்திகூடப் பிரிக்கவில்லை. கைதான திகதியைத் தேடி எடுக்க எனக்கே அரை மணித்தியாலம் பிடித்தது. விக்கி பழகிய பிறகு கொப்பியில், கையால்தான், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தலைப்பு, ஒவ்வொரு திகதிக்கும் ஒரு வரி என்று எழுதிக்கொண்டு வந்தார். நட்சத்திரக் குறியும் போட்டிருந்தார்.

கணனி இல்லாதவர்கள் டெப்ட்ஃபோர்ட் லவுஞ்ச் நூலகத்துக்குப் போகலாம். சேர என்ன கடிதம் வேண்டும் என்று அங்கே மேசையில் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.