காளான் பொடியும் ஒரு கேள்வியும்

பாம்பன் பக்கம் எட்டாம் வகுப்பில் சிப்பிக் காளான் என்றதும், "கடல்ல கிடைக்குமா டீச்சர்?" என்றார்கள். வைக்கோலில் வளர்வது என்று சொல்லிச் சிரித்தேன். அடுத்து ஒரு மாணவி கேட்டது சிரிக்கும்படி இல்லை. "அம்மாவுக்குப் புற்றுநோய். காளான் பொடி போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்ங்கிறாங்க. நிஜமா?"

1969இல் ஜப்பானின் சிஹாரா குழுவினர் ஷிடாகே காளானிலிருந்து லென்டினான் என்ற கூட்டுச்சர்க்கரையைப் பிரித்தெடுத்து, சுண்டெலிகளில் கட்டி சுருங்கக் கண்டனர். பின்னர் அங்கே நோயாளிகளுக்கு அது ஊசியாக, கீமோதெரபிக்குத் துணையாகத்தான் தரப்பட்டது. பொடியைக் கரைத்துக் குடிப்பது அதற்கு ஈடாகாது.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "காளான் குழம்பு வைங்கக்கா, நல்ல சத்துதான். ஆனா ஊசிய மட்டும் விட்டுடாதீங்க" என்றேன். மறுவாரம் தாயும் மகளும் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன்.