பெட்ரோல் விலையும் பால்மரத் தொழிலாளியும்

(தோட்டக் கிளைப் பொதுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெட்ரோல் விலையைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயற்குழு எங்களைப் பணித்தது. தந்திருக்கும் நேரம் குறைவு; ஆகவே முகமன் உரைகளை விட்டு நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

எண்ணெய் விலை என்றதும் நம் நாட்டு அரசியல்வாதிகளுக்கு நாக்கு நீண்டுவிடுகிறது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது "விலையைக் குறை" என்பார்கள். ஆட்சி நாற்காலிக்கு வந்தவுடன் "கஜானா தாங்காது" என்பார்கள். 2008 ஜூன் மாதம், அப்துல்லா படாவி பிரதமராக இருந்தபோது, 1 வெள்ளி 92 காசு விற்ற பெட்ரோல் ஒரே இரவில் 2 வெள்ளி 70 காசாயிற்று. நாடே கொதித்தது. 2014 டிசம்பரில், உலகச் சந்தையில் எண்ணெய் விழுந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, மானியத்தையே எடுத்துவிட்டார்கள். 2018 தேர்தலுக்குப் பின் வந்த ஆட்சி 2 வெள்ளி 20 காசில் கட்டி நிறுத்தியது. 2021 முதல் 2 வெள்ளி 5 காசு. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் எந்தக் கட்சியாவது, "பால் வெட்டுகிற குடும்பத்துக்கு இதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது?" என்று கணக்குப் போட்டுக் காட்டியதுண்டா? அந்தக் கணக்கைத்தான் இன்று போடப் போகிறோம்.

முதலில் மானியம் என்றால் என்ன? வெளிச் சந்தையில் பெட்ரோலுக்கு ஒரு விலை. நிலையத்தில் நாம் கொடுப்பது குறைந்த விலை. இடையில் விழும் துண்டை அரசாங்கம் எண்ணெய்க் கம்பெனிக்குக் கட்டுகிறது. அந்தப் பணம் வரியாகவும் பெட்ரோனாஸ் இலாபமாகவும் வந்த பொதுப்பணம்.

"எண்ணெய் நம் மண்ணில் ஊறுகிறது, 1974இல் பெட்ரோனாஸை அமைத்ததே அது மக்கள் சொத்தாக இருக்கத்தானே? பிறகு ஏன் உலக விலை கொடுக்க வேண்டும்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கிராணி மேசைக் கணக்கை வைத்துப் பாருங்கள். இன்று தோட்டத்தில் ஆயிரம் கிலோ பால் நிறுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நூறு கிலோவைத் துரை தமக்கு வேண்டியவருக்குப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். கணக்குப் புத்தகம் என்ன சொல்லும்? வர வேண்டிய பணம் வரவில்லை என்றுதான் சொல்லும். பால் நம் தோட்டத்தில் விளைந்ததாயிற்றே என்பதால் அந்த நட்டம் மறைந்துவிடாது. பொருளாதாரம் படித்தவர்கள் பெரிய பெரிய சொற்களால் சொல்வதும் இவ்வளவுதான். மக்கள் சொத்தை மலிவாக விற்பதில் தவறில்லை. யாருக்கு மலிவாக விற்கிறோம் என்பதே கேள்வி.

2025 செப்டம்பர் 30 முதல் புதிய முறை வந்தது. நீல அடையாள அட்டையும் ஓட்டுநர் லைசென்சும் உள்ள குடிமகனுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்று தொடங்கினார்கள். மற்றவர்க்கு அன்றைய வெளி விலை 2 வெள்ளி 60 காசு. வெளி விலை மாறிக்கொண்டே இருக்கும். நாம் தொடங்கிய நாளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 61 காசு மானியம். லயத்திலிருந்து காட்டுக்கும், கடைக்கும், பிள்ளையின் பள்ளிக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒரு தொழிலாளி மாதம் 15 லிட்டர் போடுகிறார் என்றால் அவருக்குக் கிடைப்பது 9 வெள்ளி 15 காசு. பட்டணத்தில் பெரிய கார் வைத்து 300 லிட்டரையும் எரிப்பவருக்குக் கிடைப்பது 183 வெள்ளி. இருபது மடங்கு! அதற்கு முன்னிருந்த முறையிலோ 300 என்ற வரம்புகூட இல்லை. வீட்டில் மூன்று கார் நிறுத்தியிருப்பவர் எவ்வளவு எரித்தாலும் அத்தனைக்கும் பொதுப்பணம் போயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் போயிற்று. ஏழைக்காகக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அதிகம் எரிப்பவனுக்கு அதிகம் கொடுத்துவந்தார்கள்.

டீசல் கதை இதைவிட வேடிக்கை. 2019இல் டீசல் மானியம் 140 கோடி வெள்ளி. 2023இல் 1,430 கோடி வெள்ளி. பத்து மடங்கு! ஆனால் டீசல் வண்டிகள் கூடியதோ நூற்றுக்கு மூன்று அளவுதான் என்று பிரதமர் அன்வாரே 2024 மே மாதம் சொன்னார். மிச்சம் எங்கே போயிற்று? எல்லை தாண்டிப் போயிற்று. மானிய டீசலை வாங்க உரிமையில்லாத தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்த்தியபோது ஆண்டுக்கு 400 கோடி வெள்ளி மிஞ்சும் என்றார்கள். கள்ளக்கடத்தல்காரனுக்குப் போன பணத்தை நிறுத்தியதற்காகத் தொழிற்சங்கம் கொடி பிடிக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

இவ்வளவும் சொன்னதால் அரசாங்கத்துக்குப் பரிந்து பேசுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். "விலையை ஏற்று, ஏழைக்கு ரொக்கமாகக் கொடு" என்ற நிபுணர் வாதம் காகிதத்தில் சரி. காகிதத்துக்கும் லயத்துக்கும் நடுவே எத்தனை மேடு பள்ளம் என்பது நமக்குத்தான் தெரியும்.

முதலாவது, அட்டை. தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்? பிறப்புப் பத்திரம் எடுக்காததால் எந்த அட்டையும் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? பழைய முறையில் இவர்களுக்கும் மலிவு எண்ணெய் கிடைத்தது. புதிய முறையில் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் தோட்டப் பாதையில் வண்டி ஓட்டும் தோழர்களும் அப்படியே. மானியத்துக்குப் போட்ட வாசற்படி, இந்த நாட்டில் பழைய குடிகளாகிய நம் ஆட்களையே வெளியே நிறுத்துகிறது.

இரண்டாவது, கடை விலை. சாமான் லோரிகளுக்கு லிட்டர் 2 வெள்ளி 15 காசிலும், பள்ளி பஸ் போன்றவைக்கு 1 வெள்ளி 88 காசிலும் டீசல் கிடைக்கத் தனி அட்டை கொடுத்தார்கள். பதிவு செய்த வண்டிக்குச் செலவு ஏறவில்லை. அப்படியிருந்தும் "டீசல் ஏறிவிட்டது அண்ணே" என்று சொல்லி மீனுக்கும் காய்கறிக்கும் விலை கூட்டியவர்கள் உண்டு. கடைக்காரரிடம் பற்று வைத்திருக்கும் தொழிலாளி எப்படிக் கேள்வி கேட்பார்? ஆகவே கிளை கேட்க வேண்டும்: உங்கள் லோரிக்கு அந்த அட்டை இருக்கிறதா, இல்லையா?

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். விடியற்காலையில் காட்டுக்குப் போகவும், வெட்டிய பாலை வாளியோடு வண்டியில் வைத்து நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுவரவும் எரிகிற பெட்ரோல் யாருடைய செலவு? அது தொழிலின் செலவு. உளியைப் போல, கோப்பையைப் போல, அதுவும் வேலைக்கு வேண்டிய சாமான். முன்னாளில் பாலேற்ற லோரி வந்து நின்ற இடங்களில் இன்று தொழிலாளியின் சொந்த வண்டி ஓடுகிறது. நிர்வாகம் மிச்சம் பிடித்த டீசலைத் தொழிலாளி பெட்ரோலாகக் கட்டுகிறார். நம்மோடு நிரை பிடிக்கும் வெளிநாட்டுத் தோழருக்கோ வெளி விலை. அதே வேலைக்கு அவர் இன்னும் அதிகம் கட்டுகிறார். 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றார்கள். அதிலிருந்து தொழிலின் செலவைக் கழித்துக்கொண்டால் சட்டத்தின் பொருள் என்ன? அரசாங்கம் எந்த விலை வைத்தாலும், வேலைக்கு எரியும் எண்ணெய்க்கு நிர்வாகம் படி கொடுக்க வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தப் பேச்சில் எழுத்தில் கேட்க வேண்டும். மலிவு பெட்ரோல் அரசியல்வாதியின் தயவு. படி என்பது ஒப்பந்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் ஏறினால் நமக்கு முழு நட்டம் என்று சொல்ல முடியாது. செயற்கை ரப்பர் எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. எண்ணெய் ஏறும்போது அதன் அடக்க விலை ஏறும். டயர் கம்பெனி நம் ரப்பரைத் தேடி வரும். 2008இல் பீப்பாய் எண்ணெய் ஜூலையில் 147 டாலர் வரை போய், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் ரப்பர் விலையும் கூடவே சரிந்தது. ரப்பர் விலையோடு கூலியை இணைக்கும் ஒப்பந்தங்கள் நம் தொழிலில் நெடுநாளாக உண்டு. ஆகவே எண்ணெய் ஏறும் மாதங்களில் சம்பளச் சீட்டில் விலைப்படி ஏறியிருக்கிறதா என்று கிராணிமார் பார்த்துச் சொல்லுங்கள். பாதிக் கணக்கைக் கேட்டுக் கோபப்படுவது நமக்கு உதவாது.

நேரமாகிவிட்டது, மணியும் அடித்துவிட்டார்கள். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளை அறையில் இரண்டு மேசை போடுகிறோம். லைசென்ஸ் காலாவதியானவர்கள் ஒரு மேசைக்கும், சிவப்பு அட்டை அல்லது பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ளவர்கள் மற்றொரு மேசைக்கும் வாருங்கள். தாய் தந்தையின் திருமணப் பத்திரம், பழைய பள்ளிச் சான்று, தோட்டத்துச் செக்ரோல் நகல், கையில் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். காட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த மாதம் முழுவதும் ஒரு சிறு நோட்டில் நாள்தோறும் ஓட்டிய தூரத்தையும் போட்ட பெட்ரோலையும் குறித்து வையுங்கள். பேச்சு வார்த்தைக்குப் போகிறவர்களின் கையில் அந்த நோட்டுகள் இருக்க வேண்டும்.