வாசலில் நின்ற பிள்ளைகள்



இன்றைய பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. கட்டடத்தைப் பற்றி அல்ல. உள்ளே வாத்தியாருக்கும் பிள்ளைக்கும் நடுவில் நடப்பதைப் பற்றி. 'என்னால் படிக்க முடியும்' என்ற நம்பிக்கை ஒரு பிள்ளைக்கு எப்படி வருகிறது? எப்படிப் போகிறது? இதைத் தெரிந்துகொள்ளத் திருவனந்தபுரம் பக்கம் போய் வரலாம்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் கடற்கரைக்குப் பக்கத்தில் வெங்கானூர் என்று ஓர் ஊர். அங்கே 1863-ஆம் ஆண்டு அய்யன்காளி பிறந்தார். புலையர் சாதி. அந்தச் சாதிப் பிள்ளைகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. பொது வழியில் நடக்கவும் தடை. அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுத்து இல்லாததால் தம் மக்கள் எதை எல்லாம் இழந்தார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 1905 வாக்கில் தம் ஊரிலேயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பிடிக்காதவர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். மறுபடியும் கட்டினார்.

1907-இல் சாதுஜன பரிபாலன சங்கம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசும் உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. பள்ளிக்கூட வாசல் திறக்கவில்லை. அப்போது அய்யன்காளி ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். உழவு இல்லை, நடவு இல்லை, அறுப்பு இல்லை. கூலிக்காரர்கள் பட்டினி கிடந்தார்கள். நிலக்காரர்களின் வயலில் புல் முளைத்தது. கூலி உயர்வுக்காக வேலை நிறுத்தம் செய்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளையின் படிப்புக்காக வயிற்றைக் காயப்போட்டவர்கள் இவர்கள்.

1910-களில் ஒரு நாள், பஞ்சமி என்ற சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அவளை உள்ளே கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார். பெரிய கலவரம் ஆயிற்று. அந்தப் பள்ளிக்கூடத்தையே எரித்துவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் தொட்ட பெஞ்சு அசுத்தமாம். நெருப்பு மட்டும் சுத்தமாம்!

இதில் படிப்புக்கு வரும் கெடுதல் என்ன? பள்ளிக்கூடம் எரிந்தது ஒரு கெடுதல். அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. 'நீ இங்கே உட்காரத் தகுதி இல்லாதவள்' என்று ஒரு பிள்ளையிடம் ஊரே கூடிச் சொல்கிறது. எரிந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டலாம். பிள்ளையின் மனசில் விழுந்த இந்தச் சொல்லை எப்படி எடுப்பது?

அதை எடுக்க ஒரு வாத்தியார் வேண்டும். வெங்கானூரில் அய்யன்காளியின் பள்ளிக்கு வாத்தியார் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் சொந்தச் சாதிக்காரர்களே விலக்கி வைப்பார்கள் என்ற பயம். கடைசியில் திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை என்பவர் வந்தார். அவர் மேல்சாதி என்று சொல்லப்பட்ட குடும்பத்துக்காரர். அவர் பத்திரமாக வந்துபோக, அய்யன்காளியின் ஆட்கள் கூடவே காவலாக நடந்தார்கள். அடி விழும் என்று தெரிந்தும் ஒருவர் தங்களுக்குப் பாடம் சொல்ல வருகிறார் என்பதை அந்தப் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள். அவர் வாசலில் கால் வைத்தபோதே முதல் பாடம் நடந்துவிட்டது.

1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தார். அவரிடம் அய்யன்காளி கேட்டது நிலம் அல்ல, பணம் அல்ல. சாவதற்கு முன் தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பி.ஏ. என்று ஆசைப்பட்டார். 1941-இல் அவர் காலமானார்.

இரண்டே ஆண்டு கழித்து, 1943-இல், திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் தேர்வில் ஒரு ஏழைத் தலித் மாணவர் முதலிடம் பெற்றார். உழவூரில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது பல மைல் நடந்து பள்ளிக்குப் போனவர். சம்பளம் கட்ட வழி இல்லாமல் வகுப்புக்கு வெளியே நின்றபடி பாடம் கேட்டிருக்கிறார். புத்தகம் வாங்கக் காசு இல்லை. அண்ணன் பிறரிடம் புத்தகம் இரவல் வாங்கி, கையாலேயே நகல் எழுதித் தம்பிக்குக் கொடுப்பார். அந்தத் தம்பிதான் கே.ஆர்.நாராயணன். 1997-இல் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். 'உன்னால் முடியும்' என்ற சொல் சில பிள்ளைகளுக்கு வாத்தியாரிடமிருந்து வரும். இவருக்கு அண்ணனின் கையெழுத்தாக வந்தது.

அந்தக் காலம் வேறு, இப்போது யார் பிள்ளையை வெளியே நிறுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் உள்ளே உட்கார வைத்தே வெளியே நிறுத்தவும் முடியும். 'மக்கு', 'மரமண்டை', 'உனக்கு ஏன் படிப்பு? மாடு மேய்க்கப் போ' என்று சொன்னால் போதும். கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, கேள்வியே கேட்காமல் விட்டால் போதும்.

அமெரிக்காவில் ராபர்ட் ரோசந்தால் என்ற மனவியல் அறிஞரும் லெனோர் ஜேக்கப்சன் என்ற பள்ளித் தலைவியும் ஒரு சோதனை செய்தார்கள். 1968-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். ஒரு பள்ளியில் சில பிள்ளைகளின் பெயரை வாத்தியார்களிடம் கொடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு வேகமாக வளர்வார்கள்' என்றார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுக் குலுக்கி எடுத்த மாதிரி எடுத்தவை. ஆண்டு முடிவில் பார்த்தால், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறி இருந்தார்கள். பலன் அவ்வளவு பெரிது அல்ல என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதாடினார்கள். ஆனாலும் வாத்தியாரின் எதிர்பார்ப்புக்கு ஒரு பலன் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்கள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. படிக்கும் என்று நம்புகிற பிள்ளை பதில் சொல்லத் தயங்கினால், வாத்தியார் கொஞ்சம் காத்திருப்பார். தப்பாகச் சொன்னால், எங்கே தப்பு என்று காட்டுவார். படிக்காது என்று நினைக்கிற பிள்ளை தயங்கினால், 'நீ உட்கார்' என்று அடுத்த பிள்ளையைக் கேட்பார். நாள் முழுக்க இப்படி நடந்தால், ஒரு ஆண்டில் எவ்வளவு வித்தியாசம் சேரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாராட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. 'நீ பிறவிப் புத்திசாலி' என்று புகழ்ந்த பிள்ளைகள் கஷ்டமான கணக்கு வந்ததும் சோர்ந்துவிட்டார்கள் என்று 1998-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 'நன்றாக முயற்சி செய்தாய்' என்று கேட்ட பிள்ளைகள் விடாமல் முயன்றார்கள். ஆனால் கோணல் எழுத்தை முத்து என்று சொல்லக் கூடாது. பிள்ளைக்குப் பொய் தெரியும். 'நேற்று ககரத்தின் சுழி விட்டுப்போயிற்று, இன்று சரியாக வந்திருக்கிறது' என்று சொன்னால் அது நம்பும்.

பிள்ளைகளுக்கு மட்டும்தானா இது? ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாவைக் கேட்டால் தெரியும். சின்ன வயதிலேயே படிப்பு நின்று, கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர். மகள் வளர்ந்த பிறகு பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் வென்றதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது. கேரள எழுத்தறிவு இயக்கம் நடத்திய 'அட்சரலட்சம்' தேர்வை 2018 ஆகஸ்டில், 96 வயதில் எழுதினார். நூற்றுக்கு 98 மார்க். மாநிலத்தில் முதலிடம்! நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வு அது. நவம்பர் 1-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் முதலமைச்சர் கையால் சான்றிதழ் வாங்கினார். 'நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, மற்றவர்கள்தான் என்னைப் பார்த்து எழுதினார்கள்' என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். வாசிப்பில் முழு மார்க், கணக்கில் முழு மார்க். எழுத்தில் மட்டும் இரண்டு குறைந்தது.

அடுத்து என்ன என்று கேட்டார்கள். பத்தாம் வகுப்பு, அப்புறம் கம்ப்யூட்டர் என்றார். 2020-இல் டில்லிக்குப் போய்க் குடியரசுத் தலைவரிடம் நாரி சக்தி விருது பெற்றார். 2023 அக்டோபரில், 101 வயதில் காலமானார்.

ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. 2022-இல் அதற்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. தீயில் பாதி கருகிய பழைய பெஞ்சு ஒன்றை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.