கமராவை அவள் கையிலேயே விடுவோம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் படம் எடுப்பதென்றால் ஒருத்திதான். தகப்பனாரின் பிலிம் கமராவைக் கொண்டுவந்து 36 படத்தையும் கஞ்சத்தனமாகச் செலவழிப்பாள். அதனால் அந்தக் காலத்துப் படம் எதிலும் அவள் இல்லை. பிறகு பரம்பரையாக வரும் ஒரு விழித்திரை நோயால் முதலில் இரவுப் பார்வை மங்கியது. பக்கப் பார்வையும் சுருங்கிக்கொண்டு வந்தது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் கூடியபோது அவள் போனை உயர்த்தினாள். "விடு, நாங்கள் எடுக்கிறோம்" என்று வாங்கிவிட்டோம். அன்பினால்தான். எங்களில் மூவர் வைத்தியர்கள். ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை.

பிறகு அவளே எங்களுக்குக் காட்டித் தந்தாள். ஐபோனில் வொய்ஸ்ஓவரைப் போட்டுக் கமராவைத் திறந்தால், எத்தனை முகம், எந்தப் பக்கம் என்று குரல் சொல்லும். 2022இல் வந்த பிக்சல் 7இல் கூகிள் சேர்த்த வசதி, கையை எந்தப் பக்கம் நகர்த்துவதென்று சொல்லி, முகம் சரியாக அமைந்ததும் தானே படத்தை எடுத்துவிடும். மைக்ரோசொப்டின் சீயிங் ஏஐ செயலி, எடுத்த படத்தில் என்ன இருக்கிறதென்று விவரிக்கும். சிலவேளை பிழையாகவும் சொல்லும். மீதியைக் கை பழகிக்கொள்கிறது. போனை மூக்குக்கு நேரே பிடித்து அப்படியே முன்னால் நீட்டுவாள்; திரையில் தடவாமல் சத்தத்தைக் கூட்டும் பொத்தானை அமத்துவாள்.

இந்தக் கருவிகள் வருமுன்பே, சிறுவயதில் இரு விபத்துகளில் பார்வையிழந்த எவ்கென் பாவ்சார், சுலோவேனியாவில் பதின்ம வயதில் தான் விரும்பிய பெண்ணைப் படம் எடுத்தார். பின்னர் பாரிசில் பெயர் பெற்ற ஒளிப்படக் கலைஞரானார்.

"நீ பார்க்காத படம் எதற்கு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டோம். "பள்ளிக்கூடத்தில் எடுத்ததை மட்டும் நானா வைத்துப் பார்த்தேன்? உங்களுக்குத்தானே தந்தேன்" என்றாள்.

கிளினிக்கில் "இதற்குமேல் மருந்து இல்லை" என்று சொல்லி அனுப்புகிறோம். நோயாளியின் கையிலுள்ள போனில் டோக்பாக் எங்கே இருக்கிறதென்று காட்ட ஐந்து நிமிடம் போதும். அதை நாங்கள் செய்வதில்லை. பார்வை குறைந்த உறவினர் வீட்டிலிருந்தால் நீங்களாவது இன்றிரவே தேடிப் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் மண்டபப் படிகளுக்கு வாருங்கள். அவள்தான் எடுக்கிறாள். வரிசையாக நின்று பெயரைச் சொல்லுங்கள். குரலை வைத்துத்தான் அவள் அகலத்தைக் கணக்குப் பண்ணுவாள். போன் ஆட்களை எண்ணும்போது யாரும் அசையக் கூடாது. கடைசிப் படத்தை மட்டும் டைமரில் வைத்துவிட்டு அவளும் வந்து நிற்பாள். நடு வரிசையில் ஓர் இடம் விடுங்கள்.